மைக் முன்னால் புதுக்குரல்: ஓப்பன் மைக்கை எப்படி ரசிப்பது?

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் தென்பகுதியில், கிரென்ஷா சாலையோரம் 'குட் லைஃப்' என்றொரு சத்துணவுக் கடை இருந்தது. 1989 இறுதியிலிருந்து வியாழக்கிழமை இரவுகளில் அங்கே மைக் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துவிட்டு ஏறி ராப் பாடலாம். கெட்ட வார்த்தை மட்டும் கூடாது. சரக்கில்லாமல் ஏறியவரைக் கூட்டமே இறக்கிவிடும். மைக்கை அடுத்தவரிடம் கொடுக்கச் சொல்லி எல்லோரும் ஒரே குரலில் கோஷம் போட்டால் ஆள் இறங்கியாக வேண்டும். நியூயார்க்கில் பெயர் வாங்கிவிட்டு வந்த ராப் பாடகர் ஃபேட் ஜோவுக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது.

இளம் ராப் பாடகர்களும் ஸ்போக்கன் வேர்டு கவிஞர்களும் முதல்முதலாக ஏறும் இத்தகைய மேடைகளில் பாதி நிகழ்ச்சி கேட்பவர் கையில் இருக்கிறது. பாடுகிறவர் தேறுவதும் தேறாததும் எதிரே இருக்கும் காதுகளைப் பொறுத்தது. அந்தக் காதை எப்படிப் பழக்குவது?

தாளத்தைத் தட்டுங்கள், இயைபைத் தேடுங்கள்

ராப்பின் அடிப்படைக் கணக்கு எளிது. நாலு தட்டு ஒரு 'பார்'. பதினாறு பார் சேர்ந்தால் பெரும்பாலும் ஒரு பத்தி. டிஜே பீட்டைப் போட்டதும் விரலால் தொடையில் தட்ட ஆரம்பித்துவிடுங்கள். பாடுகிறவர் தட்டின் மேல் நிற்கிறாரா, முந்துகிறாரா, வேண்டுமென்றே பின்தங்கி விளையாடுகிறாரா என்பது இரண்டே நிமிடத்தில் பிடிபடும்.

நம் காது எதுகை மோனைக்குப் பழகியது. ஒலி ஒன்றுவதை அடியின் தொடக்கத்திலேயே எதிர்பார்க்கும். ஆங்கில ராப்பில் அந்தக் கட்டு பெரும்பாலும் அடியின் கடைசியில், இயைபாக விழும். புதியவர் கடைசிச் சொல்லை மட்டும் பொருத்துவார். கைதேர்ந்தவர் மூன்று நான்கு அசைகளைச் சேர்த்துப் பொருத்துவார்; அதே ஒலியை அடியின் நடுவிலும் ஒளித்து வைப்பார். குட் லைஃபில் வளர்ந்த 'ஃப்ரீஸ்டைல் ஃபெல்லோஷிப்' குழு, ஜாஸ் வாசிப்பின் ஓட்டத்தைக் குரலுக்குக் கொண்டுவந்து, பார் முடிகிற இடத்தையும் தாண்டிச் சொற்களை ஓடவிட்டது. 1993-ல் வெளிவந்த 'இன்னர்சிட்டி க்ரியோட்ஸ்' தொகுப்பை ஒருமுறை கேட்டுவிட்டுப் போனால் மேடையில் பல நுட்பங்கள் புலப்படும்.

மூச்சையும் கவனியுங்கள். வாக்கியத்தின் நடுவே மூச்சு வாங்கினால் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

எழுதி வந்ததா, அங்கேயே பிறந்ததா?

1994-ல் குட் லைஃப் கூட்டம் அருகிலிருந்த லைமெர்ட் பார்க்குக்கு நகர்ந்தது. திரைப்பட இயக்குநர் பென் கால்ட்வெல் நடத்திவந்த 'கேயாஸ் நெட்வொர்க்' என்ற இடத்தில் 'ப்ராஜெக்ட் ப்ளோட்' என்ற ஓப்பன் மைக் தொடங்கியது. உள்ளே மேடை, வெளியே தெருமுனையில் வட்டம் கட்டி நின்று ஒருவர் மாற்றி ஒருவர் பாடும் 'சைஃபர்'.

அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவது ஃப்ரீஸ்டைல். அதை எப்படி இனம் காண்பது? இப்போதுதான் கடந்துபோன பேருந்து, பக்கத்தில் நிற்பவரின் சட்டை நிறம், முந்தைய ஆள் விட்ட கடைசிச் சொல் இவையெல்லாம் பாட்டுக்குள் வந்தால் அது அங்கே பிறந்தது. ஃப்ரீஸ்டைலில் தடுமாற்றம் சகஜம். தடுமாறியவர் அடுத்த தட்டுக்குள் எப்படி மீள்கிறார் என்பதில்தான் சுவையே இருக்கிறது. எழுதி வந்த பாட்டில் வரி மறந்தால் கதை வேறு. அப்போது நல்ல கூட்டம் கைதட்டி நேரம் வாங்கிக் கொடுக்கும்.

பீட் இல்லாத மேடை

மேடையில் வாய்விட்டுச் சொல்லும் கவிதைதான் ஸ்போக்கன் வேர்டு. அதற்குப் பெரும்பாலும் தாளத் துணை இருக்காது. கட்டட வேலை பார்த்துக்கொண்டே கவிதை எழுதிய மார்க் ஸ்மித், 1986-ல் சிகாகோவின் 'கிரீன் மில்' மதுக்கூடத்தில் கவிதையைப் போட்டியாக்கினார். அதுதான் ஸ்லாம். பரவலான விதிகள் இவை: சொந்தக் கவிதை, மூன்று நிமிடம், வேடம், பொருட்கள், இசை எதுவும் கூடாது. கூட்டத்திலிருந்தே ஐந்து பேர் நடுவர்கள். பத்துக்கு மதிப்பெண், அதிகபட்சமும் குறைந்தபட்சமும் கழிக்கப்படும்.

நம் கவியரங்கில் கவிஞர் நல்ல வரியை இரண்டு முறை சொல்வார். நமக்கு அசைபோட நேரம் கிடைக்கும். ஸ்லாமில் அந்தச் சலுகை இல்லை. ஆகவே எல்லா வரியையும் பிடிக்க முயலாதீர்கள். குரல் எங்கே தாழ்கிறது, எங்கே நிற்கிறது என்பதைப் பின்தொடருங்கள். பிடித்த வரிக்கு விரலைச் சொடுக்கலாம். கைதட்டினால் அடுத்த வரி காதில் விழாது. மதிப்பெண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரவு ஏற ஏற நடுவர்களின் கை தாராளமாகும். முதலில் ஏறியவர் இழந்ததைக் கடைசியில் ஏறியவர் அள்ளுவது ஸ்லாம்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இரவல் குரலும் சொந்தக் குரலும்

2009-ல் சிகாகோ பொது நூலகம் பதின்வயதினருக்காக 'யூமீடியா' என்ற தளத்தைத் திறந்தது. 'பிரதர் மைக்' என்று பிள்ளைகள் அழைத்த மைக் ஹாக்கின்ஸ் அங்கே ஓப்பன் மைக்கை வளர்த்தார். அங்கே ஏறிப் பழகியவர்களில் ராப் கலைஞர்கள் சான்ஸ் த ராப்பரும் நோநேமும் உண்டு. சான்ஸ் 2017-ல் மூன்று கிராமி விருதுகள் பெற்றார். அந்த நூலகத்தில் ஏறிய நாளில் அவர் பள்ளி மாணவர்.

பதினாறு வயதுப் பிள்ளை மேடையேறினால் முதலில் கேட்பது இரவல் குரலாகத்தான் இருக்கும். பிரபலமான யாரோ ஒருவரின் மிடுக்கு, அவருடைய தெரு, அவருடைய கோபம். அதைக் குறையாக எண்ண வேண்டாம். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். திடீரென்று ஒரு வரியில் தான் ஏறும் பேருந்தின் எண், பாட்டியின் பேச்சு, வீட்டு வாடகை எட்டிப்பார்க்கும். காத்திருக்க வேண்டியது அந்த வரிக்காகத்தான்.

இந்தக் காது சென்னையிலும் உதவும். 2018 ஜனவரியில் 'த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதல்முறையாக மேடையேறியபோது கானாவும் ராப்பும் தோளோடு தோள் நின்றன. ராப் பாடகர் அறிவின் குரல் பரவலாகத் தெரியவந்ததும் அந்தக் குழுவின் வழியாகத்தான். ஆங்கில ராப்புக்கு அடியின் கடைசியில் காதை வைத்தவர், தமிழ் ராப்புக்கு அடியின் இரண்டு முனையிலும் வைக்க வேண்டியிருக்கும்.

நிகழ்ச்சி முடிந்ததும் பாடியவரிடம் 'சூப்பர்' என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். எந்த வரி பிடித்தது என்று சொல்லுங்கள். அடுத்த பாட்டை எழுதும்போது அவருக்குக் கைகொடுக்கப்போவது அந்த ஒரு தகவல்தான். பிறகு மறுமாதமும் போங்கள், அதே ஆளைக் கேளுங்கள். போன மாதம் திணறிய இடத்தில் இந்த மாதம் அவர் மூச்சை எங்கே வைக்கிறார் என்று கண்டுகொண்டால், வேறெந்தக் கச்சேரியிலும் கிடைக்காத ரசனை உங்களுக்கு வாய்த்துவிட்டது.