கெணத்துக்குள்ள ஒரு நாதஸ்வரம்: ரிவெர்ப் ப்ளக்இன்களும் நம்ம ஊர் மண்டபமும்

போன பங்குனியில், ஊத்தங்கரையிலிருந்து சிங்காரப்பேட்டை போகிற வழியில் இருக்கும் ஒரு சின்னக் கோயிலுக்காக நாலு பாட்டு பதிவு செய்து கொடுத்தேன். நாதஸ்வரம், தவில், தாளம், ஒரு குரல். வீட்டு மாடி அறையில் மெத்தையையும் போர்வையையும் சுவரில் சாய்த்து வைத்து எடுத்தது. அப்படி எடுத்த ஒலி உலர்ந்து போய்த்தான் இருக்கும். கோயிலில் வாசித்த மாதிரி கேட்கணும்னு ஒரு ரிவெர்ப் ப்ளக்இன் போட்டேன். பிரிசெட் பெயர் 'கதீட்ரல்'. எனக்குப் புல்லரித்தது.

நாதஸ்வரம் வாசித்த பெரியவர் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா இது நம்ம கோயில் இல்லையே. கெணத்துக்குள்ள உக்காந்து வாசிச்ச மாதிரி இருக்குது."

அவர் அந்த மண்டபத்தில் நாற்பது வருஷமாக வாசிப்பவர். அவர் சொன்னது ரசனையா, உண்மையா என்று பார்க்கக் கணக்குப் போட்டேன். உண்மைதான். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கிலிருந்து வந்தது.

பக்திப் பாட்டின் பொய்யான கோயில்

யூடியூபில் எந்த பக்திப் பாடலையும் போட்டுக் கேளுங்க. பாடகர் ஒரு சொல்லை முடித்து மூன்று நாலு செகண்ட் வரைக்கும் அதன் வால் தொங்கிக்கொண்டே இருக்கும். "பக்தின்னா ரிவெர்ப்" என்பது நமக்குள் பழகிப்போன சமன்பாடு. ஆனால் அந்த வால் எந்தக் கட்டடத்துடையது? நான் இதுவரை பயன்படுத்திய ப்ளக்இன்களின் பட்டியலில் ஹால், சர்ச், கதீட்ரல், சேம்பர், பிளேட் எல்லாம் உண்டு. மண்டபம் என்று ஒன்றைப் பார்த்ததே இல்லை. ஆக, பிள்ளையாருக்குப் பாடுகிற பாட்டை ஐரோப்பாவின் ஏதோ ஒரு மாதா கோயிலில் உட்கார வைத்துப் பாட வைக்கிறோம். மத விஷயமாக இதைச் சொல்லவில்லை. கட்டட விஷயமாகச் சொல்கிறேன்.

பள்ளிப் பாடத்தில் எதிரொலி, எதிர்முழக்கம் என்று இரண்டு படித்திருப்போம். ரிவெர்ப் என்பது இரண்டாவது. ஒரு கைதட்டல் சுவர்களில் பட்டுப் பட்டு ஆயிரக்கணக்கான பிரதிகளாகி மெல்ல அடங்குவது. சத்தம் 60 டெசிபல் குறைய எடுக்கும் நேரத்தை ஆர்டி60 என்பார்கள். 1890-களின் கடைசியில் ஹார்வர்டில் வாலஸ் சபைன் இதற்கு ஒரு எளிய சூத்திரம் கண்டுபிடித்தார்: 0.161 பெருக்கல் அறையின் கன அளவு, அதை மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுக்கணும். 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் இந்த அறிவோடு கட்டப்பட்டது.

நம்ம மண்டபத்தை டேப் வைத்து அளந்தேன். சுமார் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். தரை, கூரை, தூண் எல்லாமே கருங்கல். பின்பக்கம் மட்டும் சுவர், மற்ற மூன்று பக்கமும் திறப்பு. கருங்கல் தன்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்குத்தான் உறிஞ்சும். திறந்த பக்கமோ நூற்றுக்கு நூறும் விழுங்கிவிடும், ஏன்னா வெளியே போன சத்தம் திரும்பி வராது. கணக்கில் போட்டால் ஆர்டி60 அரை செகண்ட்தான் வருகிறது.

இப்போது அந்த மூன்று பக்கத்தையும் கல்சுவரால் அடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதே கல், அதே அளவு. விடை 8.8 செகண்ட்! 6 சதுர மீட்டரில் ஒரு வாசலைத் திறந்து வைத்தாலும் 4.8 செகண்ட். திறந்த மண்டபத்துக்கு சபைன் சூத்திரம் சரியாகப் பொருந்தாது, அது மூடிய அறைக்கு எழுதப்பட்டது. ஆனாலும் வித்தியாசத்தின் அளவைப் பாருங்க. கல் ஒரே கல்தான். பக்கங்கள் திறந்திருப்பதால் மட்டும் அது கதீட்ரல் ஆகாமல் மண்டபமாக இருக்கிறது.

மூடிய கல் கட்டடங்கள் நம்ம நாட்டிலும் உண்டு. 1968-ல் பால் ஹார்ன் தாஜ்மகாலுக்குள் புல்லாங்குழல் வாசித்துப் பதிவு செய்தார், குவிமாடம் அவரோடு சேர்ந்து வாசித்தது. பக்கத்துக் கர்நாடகத்தில் பிஜாப்பூர் கோல்கும்பஸ் இன்னொன்று. அங்கெல்லாம் நீண்ட வால் நிஜம். திறந்த தூண் மண்டபத்துக்கு அது பொய்.

அப்போ 'கணீர்' எங்கிருந்து வருது?

வால் இல்லை என்றால் மண்டபத்தில் வாசிப்பது திறந்த வெளியில் வாசிப்பது போலத்தானே இருக்கணும்? இல்லை. விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தையும் கேட்டிருக்கிறேன், மண்டபத்து மேளத்தையும் கேட்டிருக்கிறேன். இரண்டும் வேற வேற.

வித்தியாசம் முதல் 80 மில்லி செகண்டில் இருக்கிறது. தூண்களுக்கு நடுவே இரண்டரை மீட்டர். ஒலி போய்த் திரும்ப 15 மில்லி செகண்ட் போதும். தரையிலிருந்து கூரைக்கு 4 மீட்டர், போய் வர 23 மில்லி செகண்ட். இவ்வளவு சீக்கிரம் வருகிற பிரதிபலிப்புகளை நம்ம காது தனியாகப் பிரிப்பதில்லை. மூல ஒலியோடு சேர்த்து, "சத்தம் பெருசா, திடமா இருக்கு" என்று எடுத்துக்கொள்கிறது.

இன்னொன்று, அரை மீட்டர் அகலமுள்ள தூண் எல்லா ஒலியையும் ஒரே மாதிரி திருப்பி அனுப்பாது. சுமார் 700 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை நன்றாகத் திருப்பும். அதற்குக் கீழே உள்ள நீண்ட அலைகள் தூணைச் சுற்றி வளைந்து வெளியே போய்விடும். அதனால் நாதஸ்வரத்தின் மேல் ஸ்வரங்களும் தாளத்தின் கிண்கிணியும் தவிலின் வலந்தலை அடியும் பளிச்சென்று நிற்கும், அடிமுழக்கம் தேங்காது. 'கணீர்' என்று நாம் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

நம்ம இசைக்கும் இதுதான் ஒத்துப்போகும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போவதில்தான் கமகம் இருக்கிறது. நாலு செகண்ட் வால் போட்டால் போன ஸ்வரமும் வருகிற ஸ்வரமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, யாரும் கேட்காத கூட்டு ஸ்வரங்கள் உருவாகும். நீண்ட கார்வையில் இது தெரியாது. வேகமான சங்கதியில் குழம்பாகிவிடும். நான் போட்ட கதீட்ரலில் நடந்தது அதுவே.

ப்ளக்இன்களைப் பற்றி

ரிவெர்ப் ப்ளக்இன்கள் இரண்டு சாதி. முதல் வகை கணக்கால் செய்வது. 1962-ல் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் எழுதிய கட்டுரையிலிருந்து இந்த மரபு வருகிறது. தாமதங்களைச் சுற்றிச் சுற்றிவிட்டு இல்லாத அறையை உருவாக்குவது. இரண்டாவது கன்வல்யூஷன். நிஜ இடத்தில் ஒரு வெடிச் சத்தத்துக்கு அந்த இடம் சொல்லும் பதிலைப் பதிவு செய்து (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமா ஐஆர்), நம்ம இசையின் ஒவ்வொரு துளிக்கும் அந்தப் பதிலை ஒட்டுவது. 1999-ல் சோனி இதை ஒரு பெட்டியாக விற்றது. இப்போது லேப்டாப்பே செய்கிறது.

"நிஜ இடம் வேணும்னா கன்வல்யூஷன்" என்பது பொதுவான அறிவுரை. பாதிதான் சரி. ஆல்டிவெர்ப் இதில் பெரிய பெயர். உலகம் முழுக்கச் சுற்றி எடுத்த இடங்கள், ஒவ்வொன்றுக்கும் போட்டோ. ஒலி பிரமாதம், விலை பல நூறு யூரோ. ஆனால் நமக்கு வேண்டிய இடம் பட்டியலில் இல்லை என்றால் அந்த விலைக்கு அர்த்தம் இல்லை. அதுபோக ஐஆர் என்பது ஒரு போட்டோ: ஸ்பீக்கர் ஒரு இடத்தில், மைக் ஒரு இடத்தில். நாதஸ்வரக்காரர் அணைசை ஆட்டி ஆட்டி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பி வாசிப்பார். திரும்பும்போது தூண்கள் தரும் பதிலும் மாறும். போட்டோவில் அது வராது.

கணக்கு வகையில் நான் இப்போது வைத்திருப்பது இரண்டு. வல்ஹல்லா ரூம், 50 டாலர். இதில் டெப்த் என்ற ஒரே ஸ்லைடரால் முதல் பிரதிபலிப்புகளுக்கும் வாலுக்கும் நடுவே உள்ள விகிதத்தை மாற்றலாம். இன்னொன்று டிராகன்ஃப்ளை, இலவசம், திறமூலம். முதல் பிரதிபலிப்புகளுக்கு மட்டுமே அதில் தனி ப்ளக்இன் இருக்கிறது. காசு இல்லாத பையன்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்.

இந்த வகையில் ஒரு கண்ணி உண்டு. வால் தகர டப்பா மாதிரி ஒலிக்காமல் இருக்க, உள்ளே தாமதங்களை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். மாடுலேஷன். வயலின் கூட்டத்துக்கு அழகு. ஆனால் தம்புராவோ சுருதிப் பெட்டியோ பின்னால் ஓடும்போது வாலின் சுருதி லேசாக ஏறி இறங்கும். காதுள்ளவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். நம்ம இசைக்கு மாடுலேஷனைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வையுங்க. அப்படி வைத்ததும் தகரச் சத்தம் கேட்டால் அந்த ப்ளக்இன் வேண்டாம்.

சோதிப்பதற்கு நாதஸ்வரத்தைப் போடாதீங்க. நீளமாக ஊதும் ஒலி ரிவெர்பின் குறைகளை மூடிவிடும். தாளத்தின் ஒரு தட்டு, தவிலின் ஒரு அடி, ஒரு கைதட்டல் போதும். அதில் பொய் உடனே தெரியும். வாலை முழுசா அணைத்துவிட்டுக் கேளுங்க. அப்போதும் 'ஒரு இடத்தில் இருக்கிறேன்' என்று தோன்றினால் அது நல்ல ரிவெர்ப். வாலைப் போட்டால்தான் இடம் தெரிகிறது என்றால், அது இடத்தைக் காட்டவில்லை, புகை போடுகிறது.

நாமே எடுப்பது

கடைசியில் மண்டபத்தையே எடுத்துவிடலாம் என்று போனேன். அதிகாலை நாலரை மணி. கோயில் மைக் செட் போடுவதற்கு முன்னால், ரோட்டில் லாரி குறையும் நேரம். முதலில் பலூன் உடைத்தேன். சுலபம், ஆனால் ஒவ்வொரு பலூனும் ஒவ்வொரு மாதிரி வெடிக்கும், அடித்தொனி போதாது. அடுத்து, 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை மெதுவாக ஏறும் ஒரு ஒலியை ஸ்பீக்கரில் விட்டுப் பதிவு செய்து, பிறகு கணினியில் ஐஆராக மாற்றினேன். 2000-ல் ஆஞ்செலோ ஃபரினா பரவலாக்கிய முறை. இதற்கு ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளே போதும். குழாய் ஸ்பீக்கர் உதவாது, அதில் அடித்தொனியே வராது.

கிடைத்த அளவு 0.7 செகண்ட். கணக்கை விடக் கொஞ்சம் அதிகம், தரைக்கும் கூரைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒலியால் இருக்கலாம். அந்த ஐஆரை ரீப்பரில் கூடவே வரும் ரீவெர்ப் ப்ளக்இனில் ஏற்றி, பழைய பதிவில் போட்டேன். பெருசா ஒன்றும் புல்லரிக்கவில்லை. பெரியவர் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

எல்லாப் பாட்டுக்கும் நிஜ இடம் வேணுமா என்று கேட்கலாம். வேண்டாம். நீண்ட ரிவெர்ப் ஒரு மயக்கம், அதற்கும் இடம் உண்டு. சினிமா அதை அழகாகவே செய்திருக்கிறது. ஆனால் 'கோயில் மாதிரி' என்று சொல்லிக்கொண்டு கிணற்றைக் கொடுக்கக் கூடாது. கேட்டுக் கேட்டு, நம்ம மண்டபம் எப்படி ஒலிக்கும் என்பதே அடுத்த தலைமுறைக்கு மறந்துவிடும்.

மறப்பதற்கு இன்னொரு வழியும் வந்திருக்கிறது. அதே கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு முன்னால் திருப்பணி. திருட்டு பயத்தால் மண்டபத்தின் மூன்று பக்கமும் சுவர் வைத்து, தரைக்கு டைல்ஸ் போடலாம் என்று பேச்சு. பயம் நியாயமானது, உண்டியல் ஏற்கெனவே ஒருமுறை உடைபட்டது. ஆனால் அடைத்தால் என்ன ஆகும் என்று மேலே கணக்குப் போட்டோமே. திருவிழாக் கூட்டம் நிறைந்தால் மனிதர்களே ஒலியை உறிஞ்சி ஒரு செகண்டுக்குப் பக்கத்தில் கொண்டு வந்துவிடுவார்கள். சாதாரண நாளில் நாலு பேர் நிற்கும்போதுதான் கிணறு.

பாரிஸ் நோத்ருதாம் கோயில் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்தது. அதன் ஒலியை 2013-லேயே அளந்து வைத்திருந்ததால், திருப்பிக் கட்டும்போது ஒப்பிட ஒரு சாட்சி இருந்தது. நம்ம சின்ன மண்டபத்துக்கு இப்போது என் பென்டிரைவில் ஒரு சாட்சி இருக்கிறது.

ஆனால் அதைவிட உபயோகமானது அந்தப் பழைய கதீட்ரல் பிரிசெட்தான். கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு பதிவையும் போட்டுக் காட்டினேன். "இது இப்போ இருக்கிற மண்டபம். இது சுவர் வெச்சா ஏறக்குறைய வரப்போறது." இரும்பு கிரில் போட்டாலும் திருடன் வர முடியாது, சத்தம் மட்டும் தாராளமாக வெளியே போகும் என்றும் சொன்னேன். தலைவர் இரண்டாவதைத் திரும்பப் போடச் சொன்னார். பெரியவர் மூலையிலிருந்து, "கெணறுங்க அது" என்றார்.

இன்னும் முடிவாகவில்லை. கிரில்லுக்கு விலை விசாரித்துக்கொண்டு இருக்கிறார்கள்.