அம்மன் காசும் உலகச் சராசரியும்

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி செல்லும் சாலையில், திருமயம் கோட்டையை ஒட்டி எழுந்தருளியிருக்கும் பைரவர் சந்நிதியில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் புறப்படுவது ஓட்டுநர்களின் வழக்கமாதலால், அவ்விடத்தில் கடை வைத்தவர் விளம்பரத்துக்கென்று பெரிதாக எதையும் செலவிட வேண்டியதில்லை. வாடிக்கையைச் சாலையே கொண்டுவந்து சேர்த்துவிடும். ஆனால் ஊருக்குள், வீட்டு அடுப்பிலே தேன்குழலும் சீப்புச் சீடையும் அதிரசமும் செய்து விற்கும் ஓர் அம்மையாருக்கு இன்று கைப்பேசிதான் சாலை. அவர் பேஸ்புக்கில் ஐந்நூறோ ஆயிரமோ கட்டி ‘பூஸ்ட்’ விளம்பரம் போடுகிறார். போட்ட பணம் நியாயந்தானா என்ற ஐயம் எழுந்து விசாரிக்கும்போது, “அமெரிக்காவிலே இதைப் போலப் பல மடங்கு கொடுக்கிறார்கள், நமக்கு இது கொள்ளை மலிவு” என்ற விடையே அவருக்குக் கிடைக்கிறது. இங்ஙனம் ஒரு நாட்டின் விளம்பரக் கிரயத்தை உலக அளவுகோலோடு வைத்து மதிப்பிடும் வழக்கத்தில் பிரயோசனம் எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்று நிதானமாகப் பார்ப்பது அவசியம்.

பிரயோசனத்தை முதலில் ஒப்புக்கொள்வோம். பத்திரிகை விளம்பரத்துக்கு அச்சிட்ட கட்டண அட்டை ஒன்று உண்டு. சமூக ஊடகத்தில் அத்தகைய அட்டை கிடையாது. ஒவ்வொரு பார்வையும் கண நேரத்து ஏலத்தில் விலைபோகிறது. கேட்கும் தொகையோடு, பார்ப்பவர் விளம்பரத்தைத் தொடுவாரா என்ற ஊகமும், அதன் தரமும் சேர்ந்தே வெற்றியைத் தீர்மானிக்கின்றன. விலை கண்ணுக்குத் தெரியாத இச்சந்தையில், ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு, ஒரு சொடுக்குக்கு இவ்வளவு என்று வெளியிலிருந்து ஓர் அளவு கிடைப்பது சிறு வியாபாரிக்குப் பாதுகாப்பே ஆகும். விளம்பரம் ஓட்டித் தருவதாகச் சொல்லி மாதப் பணம் வாங்கும் இடைத்தரகரிடம், “ஊர் உலகத்தில் இல்லாத விலை எனக்கு மட்டும் எப்படி வந்தது?” என்று கேட்கும் தைரியத்தை அந்த அளவே கொடுக்கிறது.

இனி மயக்கத்துக்கு வருவோம். 2023-ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில், பேஸ்புக் பயனர் ஒருவரிடமிருந்து கிடைத்த சராசரி வருவாய் அமெரிக்காவிலும் கனடாவிலும் 68.44 டாலர், ஐரோப்பாவில் 23.14 டாலர், இந்தியாவையும் உள்ளடக்கிய ஆசிய-பசிபிக் பிரதேசத்தில் 5.52 டாலர் என்று அதன் தாய் நிறுவனமான மெட்டா அறிவித்தது. உலகச் சராசரி 13.12 டாலர். இது வருவாயின் கணக்கேயன்றி விளம்பர விலையின் கணக்கன்று. ஆயினும், சராசரி என்னும் பொருளின் சுபாவம் இதில் நன்கு விளங்குகிறது. அந்தப் பதின்மூன்று டாலர், மேற்சொன்ன பிரதேசங்களில் எதற்கும் அருகில் இல்லை; யாரும் குடியிருக்காத ஓர் ஊரின் விலைவாசியை எடுத்து வந்து, அதோடு நம் ஊரை ஒப்பிட்டு மகிழ்கிறோம்.

அளவுகோல் எங்கே செய்யப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. பேஸ்புக்கில் ஒரு சொடுக்கின் சராசரி விலை 1.72 டாலர் என்ற கணக்கு பல ஆண்டுகளாக உலகெங்கும் எடுத்தாளப்பட்டு வந்தது. வேர்ட்ஸ்ட்ரீம் என்ற நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அக்கணக்கு, அமெரிக்காவைச் சேர்ந்த தன் வாடிக்கையாளர்களின் 256 விளம்பரக் கணக்குகளிலிருந்து எடுக்கப்பட்டது. நிறுவனம் அதை மறைக்கவில்லை; கைமாறிக் கைமாறி வருகையில் ‘அமெரிக்கா’ என்ற சொல் உதிர்ந்து, ‘உலகம்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டது. அன்றைய மாற்று விகிதத்தில் நூற்றுப் பத்து ரூபாய்க்கு மேல் வரும் அத்தொகையின் பக்கத்தில் வைத்தால், திருமயத்தில் எந்த விலையும் மலிவாகத்தான் தோன்றும்.

மலிவு என்ற சொல்லை எடைபோட இந்தச் சீமைக்காரர்களுக்குப் பழைய அனுபவம் ஒன்று துணை நிற்கும். திருமயத்தையும் தன்னுள் கொண்டு, 1948-இல் இந்தியாவோடு இணைந்த புதுக்கோட்டை சமஸ்தானம், பிரகதாம்பாள் அம்மனின் உருவம் பொறித்த அம்மன் காசு என்னும் சிறு செப்புக் காசைப் புழக்கத்தில் வைத்திருந்தது. ஓர் அணாவுக்கு 20 காசு. ஆகவே ஒரு ரூபாய்க்கு 320. ‘எங்கள் காசு மலிவு’ என்று அதைக் காட்டி யாரும் பெருமைப்பட்டிருக்க முடியாது. ஏனெனில் சிறிய காசு சிறிய பண்டத்தையே வாங்கும். நம் நாட்டில் விளம்பரப் பார்வை குறைந்த விலைக்குக் கிடைப்பதும் அவ்வாறே. அந்தப் பார்வைக்கு உரியவர் செலவிடக்கூடிய தொகை குறைவு என்பதை ஏலத்தில் கேட்போர் அறிவர், அறிந்தே குறைத்துக் கேட்கின்றனர்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஆயிரம் பார்வைக்கு 50 ரூபாய் வீதம், அம்மையார் 1,000 ரூபாய்க்குச் சுற்றுவட்டாரத்தில் விளம்பரம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 20,000 பார்வை, நூற்றுக்கு ஒருவர் தொட்டால் 200 சொடுக்கு, வாட்ஸப்பில் விலை கேட்டுப் பேசி முடிவில் வாங்குவோர் ஐவர். ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 200 ரூபாய் ஆயிற்று. ஒரு கிலோ பலகாரத்தில் அவருக்கு நிற்பதோ 150 ரூபாய். அதே ஆயிரம் ரூபாயைப் பத்து மடங்கு விலையில் சிங்கப்பூர்த் தமிழரிடம் செலவிட்டால் 2,000 பார்வையும் 20 சொடுக்குமே கிட்டும்; வாங்குவோர் இருவரே. ஆளுக்கு 500 ரூபாய் செலவாயினும், ஒரு பார்சலில் 800 ரூபாய் நிற்குமாயின் ‘விலை உயர்ந்த’ விளம்பரம் லாபம், ‘கொள்ளை மலிவு’ நஷ்டம். உள்ளூர் வாடிக்கை பொங்கலுக்கும் காது குத்துக்கும் மறுபடி வருமானால் தீர்ப்பு மறுபடி மாறும். இவற்றில் எதையும் உலக அளவுகோல் சொல்லாது.

பருவத்தையும் அது சொல்லாது. மேல்நாட்டுக் கணக்குகளில் விலை உச்சம் நவம்பர் இறுதித் தள்ளுபடி விற்பனையையும் கிறிஸ்துமஸையும் ஒட்டி வருவது; நமக்கோ தீபாவளிதான் உச்சம். பலகாரம் விற்கும் அதே வாரங்களில் திருச்சி, மதுரை ஜவுளிக் கடைகளும் நகைக் கடைகளும் அதே கண்களுக்காக ஏலத்தில் போட்டியிடுகின்றன. அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு, பதிவு பெற்ற பெரிய கடைக்காரர் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வார், பதிவு பெறாத அம்மையாருக்கு அது கைச்செலவு.

ஆகவே, ஏமாற்றுகிறவனை அடையாளம் காண்பதற்கு உலக ஒப்பீடு உதவும். லாப நஷ்டம் காண்பதற்கு உதவாது. அதற்கு வேண்டிய அளவுகோல், எண்ணெய்க்கும் உளுந்துக்கும் கணக்கு எழுதும் அந்த அம்மையாரின் நோட்டிலேயே இருக்கிறது. பண்டம் வாங்கியவர் பெயருக்கு எதிரே, ‘விளம்பரம் பார்த்து வந்தவர்’ என்று குறிக்க இன்னும் ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும்.