போர்டு மாறினால் ஆளும் மாறிடுமா? – இரண்டு இயங்குதளங்கள் பற்றி ஒரு குறிப்பு

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி இடியோடு பெய்த மழையில் என் மேசைக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. நெய்வேலியில் இருந்துகொண்டு கரண்ட்டைக் குறை சொல்ல முடியாது. இடி வந்தது நெட் கேபிள் வழியாக. பவர் சப்ளை, ராம், பிராசஸர் எல்லாம் பிழைத்தன. டிஸ்க்குகளும் பிழைத்தன. போர்டு மட்டும் போச்சு. கடலூர் போய், அதே சாக்கெட்டுக்குப் பொருந்துகிற வேறு கம்பெனி போர்டு ஒன்று வாங்கி வந்து மாட்டினேன்.

அதே மாதம் அக்கா மகளின் லேப்டாப்பும் போர்டு மாற்றி, சர்வீஸ் சென்டரிலிருந்து வீட்டுக்கு வந்தது. என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10, டெபியன் லினக்ஸ் இரண்டும் உண்டு. அவளுடையதில் விண்டோஸ் 11. ஆக, திட்டமிடாமலே எனக்கு மூன்று சோதனைகள் கிடைத்தன. எது நல்லது என்று கட்சி கட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு பாகம் மாறும்போது ஒரு இயங்குதளம் நம்மை எப்படி நடத்துகிறது என்பதை வைத்தே அதை விமர்சிக்கலாம் என்று தோன்றியது, அதான்.

டிஸ்க்கை மாத்தலையே, அப்புறம் என்ன?

எல்லாரும் கேட்கிற கேள்வி இது. ஓ.எஸ். டிஸ்க்கில்தானே இருக்கு? உண்மைதான். ஆனால் அதன் நாலு முடிச்சுகள் போர்டோடு போடப்பட்டவை.

முதலாவது, டிரைவர். டிஸ்க்கைப் படிக்கிற கன்ட்ரோலர் போர்டில் இருக்கிறது. அதற்கான டிரைவர் கைவசம் இல்லாவிட்டால் ஓ.எஸ். தன் டிஸ்க்கையே பார்க்க முடியாது. இரண்டாவது, துவக்கப் பதிவு. யூ.இ.எஃப்.ஐ. வந்தபிறகு, எந்த டிஸ்க்கில் எந்தக் கோப்பிலிருந்து துவங்க வேண்டும் என்கிற பட்டியல் போர்டில் உள்ள சின்ன நினைவகத்தில் எழுதி வைக்கப்படுகிறது. போர்டு போனால் பட்டியலும் போச்சு. மூன்றாவது, உரிமம். நான்காவது, பூட்டு. டிஸ்க்கை மறைகுறியாக்கியிருந்தால், திறக்கிற சாவியை டி.பி.எம். என்கிற சில்லு காவல் காக்கும். அதுவும் போர்டோடு சேர்ந்ததுதான், அல்லது போர்டில் ஓடும் ஃபர்ம்வேரை நம்பியது.

முதல் இரண்டும் தொழில்நுட்பச் சிக்கல். அடுத்த இரண்டும் வேறு சாதி. இந்தக் குறிப்பே அந்த வேறுபாட்டைப் பற்றியதுதான்.

முதல் இரண்டு முடிச்சு: யார் பாஸ், யார் ஃபெயில்?

எக்ஸ்.பி. காலத்தில் போர்டை மாற்றியவர்களுக்கு அந்த நீலத்திரை மறந்திருக்காது. 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். நிறுவும்போது எந்தக் கன்ட்ரோலரைப் பார்த்ததோ அதற்கான டிரைவரை மட்டும் துவக்கத்தில் எழுப்புகிற மாதிரி அதை அமைத்திருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழ பாதி எடை ஈரம். அந்த ஈரத்துக்கென்றே வடிவமைத்த கொதிகலனில் வேறு ஊர்க் கரியை அப்படியே கொட்டி எரிக்க முடியாது. எக்ஸ்.பி.யும் அந்த மாதிரி, ஒரே எரிபொருளுக்குக் கட்டிய கொதிகலன். கடைக்காரர்கள் 'ஃபார்மேட் பண்ணிடலாம் சார்' என்று சொல்லிப் பழகியது அந்தக் காலத்தில்தான். காலம் போய்விட்டது, வசனம் போகவில்லை.

விண்டோஸ் 10 இந்த விஷயத்தில் நன்றாகத் தேறிவிட்டது. புதுப் போர்டில் முதல் தடவை துவங்கும்போதே சாதனங்களைத் தயார் செய்வதாகச் சொல்லி, ஒரு தடவை தானே ரீஸ்டார்ட் ஆகி, பத்து நிமிஷத்துக்குள் பழைய மேசைத்திரையைக் காட்டியது. சவுண்டு டிரைவரை நெட்டிலிருந்து தானாகவே எடுத்துக்கொண்டது. நான் கைவைக்கவே இல்லை. பாராட்ட வேண்டியதைப் பாராட்டித்தான் ஆகணும்.

டெபியன் வரவே இல்லை. மெனுவில் பெயரே இல்லை. லினக்ஸ் அபிமானிகள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். நான் தாண்டப் போவதில்லை. பட்டியல் காலியாக இருக்கும்போது, எந்தக் கம்ப்யூட்டரும் போய்ப் பார்க்கிற ஒரு பொது முகவரி உண்டு. விண்டோஸ் தன் துவக்கியின் ஒரு நகலை அங்கேயும் போட்டு வைக்கிறது. டெபியன் வழக்கமாக அங்கே எழுதாது. இன்னொரு ஓ.எஸ்.ஸின் கோப்பை அழித்துவிடக் கூடாதே என்கிற நாகரிகம் காரணம். நல்ல நாகரிகம்தான். ஆனால் போர்டு மாறிய அன்றைக்கு அதன் விலையை நான் கொடுத்தேன்.

பென் டிரைவில் லைவ் டெபியனை ஏற்றி, பழைய நிறுவலுக்குள் நுழைந்து, கிரப் துவக்கியை மறுபடி நிறுவும் ஒரு கட்டளையைக் கொடுத்ததும், போர்டின் பட்டியலில் பதிவு திரும்ப வந்துவிட்டது. இருபது நிமிஷம். உள்ளே போனபிறகு டிஸ்க் விஷயத்தில் தகராறே இல்லை. டெபியன் தன் துவக்கப் பொதியில் ஒரு கம்ப்யூட்டருக்கானதை மட்டும் வைக்காமல் பெரும்பாலான கன்ட்ரோலர்களின் டிரைவர்களையும் வைத்திருக்கிறது. பார்ட்டிஷன்களையும் வரிசையை வைத்து இல்லாமல் அவற்றின் யூ.யூ.ஐ.டி. எண்ணை வைத்தே அடையாளம் காண்கிறது. எந்த டிஸ்க்கை எந்த முனையில் சொருகினாலும் கவலை இல்லை.

நெட் மட்டும் வரவில்லை. நெட்வொர்க் கார்டு எந்தத் தடத்தில் இருக்கிறதோ அதை வைத்துப் பெயரிடுவது இப்போதைய லினக்ஸ் வழக்கம். தடம் மாறியதும் பெயர் மாறிவிட்டது. நான் பழைய பெயரை அமைப்புக் கோப்பில் கையால் எழுதி வைத்திருந்தேன். ஒரு எழுத்தைத் திருத்தியதும் சரியாகிவிட்டது.

ஆக, முதல் சுற்றில் விண்டோஸ் பாஸ், டெபியன் சப்ளிமென்டரி எழுதிப் பாஸ்.

மூன்றாவது முடிச்சு: குவார்ட்டர்ஸ்

விண்டோஸ் வந்த அரை மணி நேரத்தில் திரையின் வலது மூலையில் சாம்பல் எழுத்து வந்தது. விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்.

டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு ஓ.இ.எம். உரிமத்தை விளக்கவே வேண்டாம், அது குவார்ட்டர்ஸ். எத்தனையாவது வட்டத்தில் எத்தனை வருஷம் இருந்தாலும், முருங்கை நட்டாலும், பின்பக்கம் சொந்தச் செலவில் ஷெட் போட்டாலும், வீடு வேலையோடு சேர்ந்தது. ரிட்டயர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஓ.இ.எம். உரிமமும் அப்படித்தான். ஆளுக்குத் தரப்பட்டதல்ல, கம்ப்யூட்டருக்குத் தரப்பட்டது. கம்ப்யூட்டர் என்றால் எது என்று கேட்டால், மதர்போர்டு என்பதுதான் மைக்ரோசாஃப்டின் பதில். தனியாக விலை கொடுத்து வாங்கும் சில்லறை உரிமம், வடலூர்ப் பக்கம் மனை வாங்கிக் கட்டிய சொந்த வீடு மாதிரி. விலை அதிகம், ஆனால் கூடவே எடுத்துப் போகலாம்.

இந்த ஏற்பாட்டையே அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். குறைந்த விலைக்குக் குறைந்த உரிமை, அது ஒரு கணக்கு. என் விமர்சனம் வேறு. அதே ஓ.இ.எம். விதிகளில் ஒரு நியாயமான பிரிவு இருக்கிறது. போர்டு பழுதாகி மாற்றினால் பழைய உரிமம் தொடரும். வேகம் போதவில்லை என்று மேம்படுத்தினால்தான் அது புதுக் கம்ப்யூட்டர். பத்திரத்தில் இப்படி இருக்க, சோதனை போடுவது ஒரு நிரல். போர்டின் அடையாளம் மாறியிருப்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். இடி விழுந்ததும் தெரியாது, கருகிய வாசமும் வராது. பழுதானதால் மாற்றியவனும் ஆசைக்கு மாற்றியவனும் அதன் கண்ணுக்கு ஒன்று. பத்திரம் கொடுத்த உரிமையை, அதைக் காவல் காக்கிற நிரலால் படிக்க முடியவில்லை. 2001-இல் எக்ஸ்.பி.யோடு இந்த ஆக்டிவேஷன் முறை எல்லார் வீட்டுக்கும் வந்தது. அடிப்படையான இந்தக் குருடு இன்னும் அப்படியே இருக்கிறது.

2016-இல் ஒரு மாற்று வழி வந்தது. உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முன்கூட்டியே இணைத்து வைத்திருந்தால், 'சமீபத்தில் ஹார்ட்வேரை மாற்றினேன்' என்று சொல்லி மீட்டுக்கொள்ள முயலலாம். நான் இணைத்து வைக்கவில்லை. அது என் சோம்பேறித்தனம், யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் அந்த வழியின் உட்பொருளைக் கவனியுங்கள். போர்டு மாறினாலும் நீங்கள் அதே ஆள்தான் என்பதை நிரூபிக்க, உங்களிடம் இருக்கிற பில் போதாது. அவர்கள் சர்வரில் உங்கள் பெயர் இருக்க வேண்டும்.

இன்னொரு பின்விளைவும் உண்டு. போர்டு விற்ற கடையில் கேட்டேன். "அதை ஏன் சார் இழுத்துக்கிட்டு, நூறு ரூபா குடுங்க, நான் ஆக்டிவேட் பண்ணித் தர்றேன்" என்றார்கள். அதாவது கிராக். பணம் கொடுத்து வாங்கியவன் நிரூபிக்க அலைகிறான். வாங்காதவனுக்கு ஐந்து நிமிஷத்தில் வேலை முடிகிறது. திருட்டைத் தடுக்க வந்த ஒரு ஏற்பாடு, நேர்மையானவனையும் அந்தக் கடை வாசலில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது.

நான்காவது முடிச்சு: நாற்பத்தெட்டு இலக்கம்

அக்கா மகளின் கதைதான் உண்மையில் பயமாக இருந்தது. லேப்டாப் ஆன் ஆனது, கூடவே நீலத்திரை. பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்டது, 48 இலக்கம். "மாமா, நான் எந்த பாஸ்வேர்டும் போடவே இல்லையே" என்றாள்.

அவள் போடவில்லைதான். புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதல்முறை நுழையும்போது டிஸ்க் மறைகுறியாக்கம் தானாகவே அமலாகி, மீட்புச் சாவி அந்தக் கணக்குக்குப் போய்விடும். 2024-இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பில் இதை இன்னும் பல கம்ப்யூட்டர்களுக்கு விரித்திருக்கிறார்கள். சரி, அந்தக் கணக்கு எது? வாங்கிய அன்றைக்கே கடையில் ஒரு பையன் எல்லாவற்றையும் 'செட் பண்ணி' கொடுத்திருந்தான், தன் மெயில் ஐ.டி.யில்.

உள்ளே இறுதியாண்டு புராஜெக்ட் இருந்தது. அதைவிட, எங்கள் அப்பா சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரத்தின் முன்னால் நிற்கிற படம் இருந்தது. 2015 வெள்ளத்தில் அச்சுப்படம் நனைந்து ஒட்டிப்போவதற்கு முன் ஸ்கேன் செய்தது. வேறு நகல் கிடையாது. இரண்டு நாள் போனில் விடாமல் துரத்தி, அந்தப் பையன் தன் கணக்கில் இருந்த சாவிப் பட்டியலைப் பார்த்து எண்களை ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, அவள் தட்டினாள். திறந்தது. அவன் வேலையை விட்டுப் போயிருந்தால், அந்த மெயிலை மறந்திருந்தால்?

பிட்லாக்கர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. திருடன் டிஸ்க்கைக் கழற்றி வேறு போர்டில் மாட்டினால் திறக்கக் கூடாது என்பதுதானே அதன் நோக்கம். போர்டு மாற்றமும் திருட்டும் அதற்கு ஒரே மாதிரி தெரியும், தெரியவும் வேண்டும். தவறு பூட்டில் இல்லை. வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் பூட்டு போட்டு, சாவியை அவர் கையில் தராமல் வேறு இடத்தில் வைப்பதில் இருக்கிறது. லினக்ஸில் லக்ஸ் முறையில் பூட்டும்போது கடவுச்சொல்லை நாம்தான் தருகிறோம். போர்டு மாறினாலும் அது மாறாது. மறந்தால் எல்லாம் போச்சு, அது வேறு கொடுமை. ஆனால் பூட்டியிருக்கிறது என்பதாவது நமக்குத் தெரியும்.

இரண்டு விதத் தடை

மூன்று சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குக் கிடைப்பது இது. டெபியன் எனக்குப் போட்ட தடை தெரியாமையின் தடை. தெரிந்தவர் ஒருத்தர் பென் டிரைவோடு வந்தால் தீரும். உரிமமும் மீட்புச் சாவியும் போட்ட தடை அனுமதியின் தடை. எவ்வளவு தெரிந்தாலும், யாரோ ஒருத்தர் சரி என்று சொல்லும்வரை தீராது.

கம்ப்யூட்டர் பழக்கமில்லாத ஒருவருக்கு இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவருக்கு அன்றைக்கு இரண்டுமே திறக்காத கதவுதான். ஆனால் ஒரு ஊரில் தெரியாமை குறையலாம். ஒருத்தர் கற்றுக்கொண்டால் பத்துப் பேருக்குச் சொல்லித் தரலாம். அனுமதியை அப்படிப் பகிர முடியாது. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில், சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நான் பார்த்தவரை பையன்கள் முதல் வாரமே அதை அழித்துவிட்டு விண்டோஸுக்கு இடம் தேடினார்கள். அன்றைக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுத்திருந்தால், இன்றைக்குத் தெருவுக்கு ஒருத்தர் அந்தப் பென் டிரைவோடு இருந்திருப்பார்.

2022-இல் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, இணையதளமும் திறந்தது. உதிரிப் பாகம், கையேடு என்றே அந்தப் பேச்சு பெரும்பாலும் போகிறது. பாகம் கிடைத்துவிடுகிறது. அதை மாட்டியபிறகு மென்பொருள் அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதும் பழுதுபார்ப்பில் சேர்த்திதான்.

உங்கள் போர்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா? அப்படியானால் இன்றைக்கே மூன்று காரியம் செய்யுங்கள். டிஸ்க் மறைகுறியாக்கம் ஆகியிருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். ஆகியிருந்தால், அந்த 48 இலக்கத்தையும் தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கிற பையில் வையுங்கள். லேப்டாப்பில் இருக்கிற கணக்கு உங்களுடையதுதானா, கடைக்காரருடையதா என்று சரிபாருங்கள். விண்டோஸ் உரிமத்தை உங்கள் கணக்கோடு இணைத்துவிடுங்கள், பில்லையும் பத்திரப்படுத்துங்கள். லினக்ஸ்காரர்கள் ஒரு லைவ் பென் டிரைவ் செய்து மேசை டிராயரில் போட்டு வையுங்கள்.

என் திரை மூலையில் அந்தச் சாம்பல் எழுத்து இன்னும் இருக்கிறது. அப்பாவின் படத்துக்கு இப்போது மூன்று நகல்.