50 மீட்டர், ஒரே மூச்சு

அமெரிக்கக் கடற்படையின் சீல் என்ற சிறப்புப் படைக்கு ஆள் தேறும் இடம் கலிபோர்னியாவின் கொரோனாடோ. 'பட்ஸ்' என்று அழைக்கப்படும் அந்தப் பயிற்சி மொத்தம் 24 வாரம். வெளியுலகுக்குத் தெரிந்தது அதில் ஒரு வாரம்தான்: கிட்டத்தட்ட தூக்கமே இல்லாமல் சேற்றிலும் அலையிலும் ஆளைப் புரட்டியெடுக்கும் 'ஹெல் வீக்'. அதைப் பற்றிப் படமும் புத்தகமும் எக்கச்சக்கமாக வந்துவிட்டன. விளையாட்டுப் பக்கம் எழுதுகிற எனக்கு அதைவிடச் சுவாரஸ்யமாகத் தெரிவது, சுமார் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் ஒரு தேர்வு. முதல் கட்டத்தில் வரும் 50 மீட்டர் நீரடி நீச்சல்.

விதி எளிமையானது. தலைகீழாகப் பாயக் கூடாது, காலை முன்வைத்துத்தான் குதிக்க வேண்டும். குதித்ததும் தண்ணீருக்குள் ஒரு குட்டிக்கரணம். பிறகு 25 மீட்டர் போய் எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்பி, இன்னொரு 25. நடுவில் தலை வெளியே வந்தால் தோல்வி. அந்தக் குட்டிக்கரணம் வேடிக்கைக்காக வைத்ததல்ல. குதித்ததில் கிடைக்கும் இலவச வேகமும் அதில் காலி. மூக்கில் தண்ணீர் ஏறும், திசை ஒரு கணம் குழம்பும், நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்போடுதான் முதல் மீட்டரே தொடங்குகிறது. அமெரிக்க விமானப்படையின் சிறப்புப் படைத் தேர்விலும் இதன் தம்பி உண்டு: நீருக்கடியில் 25 மீட்டர், இரண்டு முறை.

இதற்குத் தயாராகிறேன் என்று கிளம்பும் இளைஞர்கள் பலர் செய்யும் முதல் காரியம், வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தம் கட்டிப் பழகுவது. இரண்டு நிமிடம் வந்துவிட்டது, மூன்று வந்துவிட்டது என்று பெருமை வேறு. குளத்தில் இறங்கினால் 30 மீட்டரில் மேலே வந்துவிடுகிறார்கள்.

ஏன் என்று கேட்டால் 1900 பாரிஸ் ஒலிம்பிக்கைத்தான் காட்டுவேன். நீரடி நீச்சல் பதக்கப் போட்டியாக இருந்த ஒரே ஒலிம்பிக் அது, அதுவும் சேன் நதியில். மீட்டருக்கு 2 புள்ளி, நீருக்குள் இருக்கும் ஒவ்வொரு நொடிக்கும் 1 புள்ளி. டென்மார்க்கின் பீடர் லிக்கபர்க் 90 நொடி உள்ளேயே இருந்தார். கடந்த தூரம் வெறும் 28.5 மீட்டர். பிரான்ஸின் சார்ல் தெவாந்தவில் 68.4 நொடியில் 60 மீட்டர் போய்த் தங்கம் வென்றார். அதிக நேரம் தம் கட்டியவருக்குக் கிடைத்தது மூன்றாம் இடம்.

நுரையீரலில் இருக்கும் காற்று மாதச் சம்பளம் மாதிரி. முதல் வாரத்திலேயே வாரி இறைத்தவனுக்குக் கடைசி வாரம் கடன்தான். தண்ணீரில் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது, அதை வெல்ல ஒவ்வொரு நொடியும் செலவாகும் சக்தி எட்டு மடங்கு. பயந்து அவசரப்படுபவன் தோற்பதன் கணக்கு இவ்வளவுதான்.

தேறியவர் நீந்துவதைக் கூர்ந்து பார்த்தால் அவர் பெரும்பாலான நேரம் எதுவும் செய்யாமல் இருப்பது தெரியும். தவளை நீச்சல்தான். ஆனால் கைகளைத் தலைக்கு மேலிருந்து தொடை வரை முழுசாக இழுத்துவிட்டு, அப்படியே போக விடுகிறார். வேகம் தளரும்போதுதான் கையை உடம்போடு ஒட்டி முன்னே கொண்டுவந்து ஓர் உதை. மறுபடியும் சும்மா. தாடை நெஞ்சை நோக்கி இறங்கியிருக்கும், கண் தரையில். சுவர் எங்கே என்று தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும், இடுப்பு தாழ்ந்து மொத்த உடம்பும் தண்ணீரை முட்டும். உதையைச் சுருக்குவதற்கும் காரணம் உண்டு. தொடைத் தசைகள் பெரியவை, ஆக்சிஜனை அவைதான் அதிகம் தின்னும். கொஞ்சம் ஆழத்தில் போவதும் லாபம். மேற்பரப்பில் அலை எழுப்பி வீணாகும் சக்தி மிச்சம், நுரையீரல் சற்று அமுங்குவதால் உடம்பு மேலே மேலே தூக்காது.

நீருக்கடியில் போவது லாபம் என்பது போட்டி நீச்சல்காரர்களுக்கும் தெரியாததல்ல. 1956 மெல்போர்னில் ஜப்பானின் மசாரு ஃபுருகாவா 200 மீட்டர் தவளை நீச்சலைப் பெரும்பாலும் உள்ளேயே நீந்தித் தங்கம் எடுத்தார். விதியை மாற்றிவிட்டார்கள். 1988 சியோலில் மல்லாந்த நீச்சலில் டேவிட் பெர்காஃபும் டாய்ச்சி சுசுகியும் அதே வேலையைக் காட்டினார்கள். மறுபடியும் விதி மாறியது. இப்போது மல்லாந்த நீச்சலில் தலை வெளியே வர 15 மீட்டர்தான் எல்லை.

சரி, மூச்சுமுட்டல்? எதிர்ச்சுவரில் திரும்பிய சிறிது நேரத்தில் உதரவிதானம் தானாகவே துடிக்க ஆரம்பிக்கும். செத்தோம் என்று தோன்றும். உண்மையில் அது ஆக்சிஜன் தீர்ந்த சமிக்ஞை அல்ல, கரியமில வாயு ஏறிவிட்டது என்ற அறிவிப்பு. அந்த நேரத்தில் வேகத்தைக் கூட்டாதவன் கரை சேர்கிறான். பயிற்றுநர்கள் பார்க்க விரும்புவது இதைத்தான் என்பது என் கணிப்பு. படைக்கு ஆள் எடுக்க இது நல்ல தேர்வு.

ஆபத்தும் இதே இடத்தில்தான். நீந்தும் முன் வேகவேகமாக மூச்சு வாங்கி விட்டால் கரியமில வாயு குறையும், எச்சரிக்கை மணி தாமதமாக அடிக்கும். ஆக்சிஜன் இருப்போ அதனால் பெரிதாகக் கூடுவதில்லை. விளைவு, மூச்சுமுட்டலே தெரியாமல் நினைவு தப்பும். ஆழம் தந்த லாபமும் கடைசியில் கடனாகிவிடும். 15 அடி ஆழத்தில் மேற்பரப்பைவிட அழுத்தம் சுமார் 45 சதவீதம் அதிகம். மேலே வரும்போது அது குறைய, நுரையீரலில் எஞ்சிய ஆக்சிஜனின் அழுத்தமும் சட்டென்று விழும். ஆல்பர்ட் கிரெய்க் என்ற மருத்துவ ஆய்வாளர் வேகவேகமாக மூச்சு வாங்குவதன் இந்த ஆபத்தை 1961-லேயே எழுதிவைத்தார். ஆனாலும் 2015 ஏப்ரலில் வர்ஜீனியாவின் லிட்டில் கிரீக் தளத்தில், நீச்சல் குளத்தில் பயிற்சி செய்த இரண்டு சீல் வீரர்கள் குளத்தின் அடியில் கிடந்தார்கள். இருவரும் பிழைக்கவில்லை. அவர்கள் தேர்வுக்கு வந்த புதியவர்கள் அல்ல, தேறி முடித்தவர்கள்.

ஆகவே தயாரிப்பு எப்படி இருக்க வேண்டும் என்றால், முழு 50 மீட்டரை அடிக்கடி முயல்வதல்ல. 10, 15 மீட்டரில் இழுப்புகளை எண்ணி, அதே தூரத்தைக் குறைந்த இழுப்பில் கடக்கப் பழகுவது. திரும்புவதைத் தனியாக, குட்டிக்கரணத்தைத் தனியாக. ஒவ்வொரு முறைக்கும் நடுவே மூச்சு முழுசாக நிதானத்துக்கு வரும்வரை ஓய்வு. சோபாவில் தம் கட்டும் நேரத்தை மேற்பரப்பு நீச்சலைச் செப்பனிடச் செலவழித்தால் பலன் அதிகம்.

கொரோனாடோவில் தேர்வு நடக்கும்போது பயிற்றுநர்கள் தண்ணீரிலேயே இருப்பார்கள், மருத்துவ உதவியும் பக்கத்தில் தயார். நம்மூர் நீச்சல் குளத்தில் யூடியூப் பார்த்துவிட்டு இறங்கும் தம்பிகளுக்கு அந்த வசதி இல்லை. தனியாக முயலாதீர்கள். இறங்கும் முன் வேகவேகமாக மூச்சு வாங்காதீர்கள். ஒருவர் உள்ளே போகும்போது இன்னொருவர் கரையில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்கட்டும், செல்போனைப் பையில் போட்டுவிட்டு.