முன்னுக்கு நின்று பாடியவர்கள்

றொக், பொப் பாட்டுக்காரரில் எந்த ஆண்குரல் பெரிது, மேடையை ஆண்டவன் எவன் என்ற வழக்கு பாண்டிருப்பிலும் ஓடுகிறது, மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் ஓடுகிறது. வயதில் மூத்தவர் ஏ. ஈ. மனோகரனில் தொடங்குவார். பக்கத்திலிருப்பவர், "நித்தி கனகரத்தினம் இல்லாட்டி மனோகரனுக்கு ஏது காக்கா மேடை?" என்று மறிப்பார். கைபேசியில் குவீன் குழுவின் பழைய நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெடியன் பிரெடி மேர்க்குரியின் பெயரைச் சொல்லுவான். அவன் கூட்டாளிக்கு லெட் செப்பலினின் றொபேட் பிளான்ட். வழக்கு முடியாது. ஆளாளுக்கு வேறு வேறு அளவுகோல் வைத்திருக்கும்போது எப்படி முடியும்? ஒருவர் தொண்டையின் உயரத்தை அளக்கிறார், ஒருவர் ஆட்டத்தையும் உடுப்பையும், இன்னொருவர் விற்ற இசைத்தட்டுகளை. எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் இதற்கென்று பழைய அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதை எடுத்து இந்தப் பெயர்களின்மேல் வைத்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

கூத்தாடும் வட்டக் களரியை நினைத்துப் பாருங்கள். நடுவே அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். அருகே சல்லாரிக்காரர், கொப்பி பார்ப்பவர், பிற்பாட்டுக்காரர். வடமோடியில் அரசனாக வருபவன் பாரமான உடுப்போடும் முடியோடும் காலில் சதங்கையோடும் வருவான். துள்ளிச் சுழன்று வட்டத்தைச் சுற்றி ஆடி முடித்த அதே மூச்சில் அவன் வாயெடுத்துப் பாட வேண்டும். ஒலிவாங்கி வராத காலத்தில், களரிக்கு அப்பால் பாய் விரித்திருக்கும் ஆச்சிக்கும் அந்தச் சொல் விளங்க வேண்டும். அவன் விட்ட இடத்தில் பிற்பாட்டு பிடிக்கும். அது உரத்து எழுந்தால் அடுத்த வரிக்கு அவனுக்கு மூச்சு வந்துவிடும். அது சோர்ந்தால் எவ்வளவு பெரிய தொண்டையும் விடியுமுன் அடைத்துப்போகும். ஆகவே நல்ல கூத்தன் என்று ஊர் சொன்னது, தன் பாட்டால் பிற்பாட்டை எழுப்பத் தெரிந்தவனைத்தான்.

அந்தப் பெயரை யாரும் ஒரு இரவில் வாங்கிவிடவில்லை. சட்டம் கொடுத்து, சதங்கை கட்டி, கிழமைக் கூத்து ஆடி, அடுக்குப் பார்த்து, அதன் பிறகுதான் அரங்கேற்றம். ஒவ்வொரு படியிலும் ஊர் உட்கார்ந்து பார்த்தது, குறை சொன்னது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்க் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என்று மேடையேற்றினார். மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. விடிய விடிய ஆடிய கூத்து அங்கே சுருங்கியது, வட்டக்களரி படச்சட்ட மேடையானது. ஆனாலும் பிற்பாட்டை மேடையை விட்டு எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அது கூத்தாக இருந்திராது.

கூத்தில் இரண்டு மோடி. வடமோடி பெரும்பாலும் பாரதத்தையும் இராமாயணத்தையும் எடுக்கும். போரும் வீரமும் துள்ளலும் அதற்குரியவை. தென்மோடியில் காதல் கதைகள் அதிகம். தாளக்கட்டு நுணுக்கமானது, பாட்டு இழைந்து வரும். உலக றொக் பாட்டுக்காரரையும் நான் இந்த இரண்டு மோடியாகத்தான் கேட்கிறேன். டீப் பேர்ப்பிளின் இயன் கிலன், ஜூடாஸ் பிறீஸ்ற்றின் றொப் ஹல்போர்ட், அயன் மெய்டனின் புரூஸ் டிக்கின்சன் ஆகிய மூவரும் வடமோடி. உச்சத்தில் ஏறி நிற்கும் குரல், கிற்றார்களின் இரைச்சலைப் பிளந்துகொண்டு வரும் சொல். மண்டபத்தின் கடைசி வரிசையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கத்த வைப்பவர் டிக்கின்சன். தோர்ஸ் குழுவின் ஜிம் மொறிசன் தென்மோடிப் பக்கம். தாழ்ந்த குரலில் சொல்லை இழுத்து இழுத்துப் பாடி, 1971இல் இருபத்தேழு வயதிலேயே போய்விட்டார். பிளான்ட் இரண்டு மோடியும் ஆடியவர். அதனால்தான் அவர் பெயரைச் சொல்லும் பெடியனோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

எங்கள் பக்கத்து அளவுகோல் கூத்தோடு முடிந்துவிடாது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் கொடியேறும் நாட்களில் பக்கீர்மார் றபான் தட்டிப் பைத் படிப்பார்கள். ஒருவர் எடுக்க மற்றவர் சேர்வர், றபானின் அடி மெல்ல மெல்ல நெருங்கி வரும். எடுப்பவர் குரல் கரகரத்துத்தான் இருக்கும். அதை ஒருவரும் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை. சேர்கிறவர்களை அவர் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் என்பதுதான் கேள்வி. இந்தக் கரையின் முஸ்லிம் வீடுகளில் நாகூர் ஈ. எம். ஹனிபாவுக்கு இருந்த இடமும் இதனால் வந்தது. 2015இல் மறைந்த அவர் கட்சி மேடைகளில் திறந்த வெளிக் கூட்டத்தை நிறுத்திவைத்த குரலுக்குச் சொந்தக்காரர். அவருடைய பாட்டைத் தனியாகக் கேட்டாலும் ஒரு கூட்டத்துக்குள் நிற்பதுபோலவே இருக்கும்.

இனி எங்கள் பொப் இசைக்கு வருவோம். 1960களின் கடைசியிலிருந்து 70கள் முழுக்க, இலங்கை வானொலியும் திறந்தவெளி மேடைகளும் சேர்ந்து வளர்த்த இசை அது. தெற்கில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் மூன்ஸ்ரோன்ஸ் குழுவும் கிற்றாரை வைத்துச் சிங்களப் பாட்டைப் புதுக்கிக்கொண்டிருந்த காலம். தமிழில் பலர் வந்தார்கள். திருகோணமலையிலிருந்து பரமேஸ் – கோணேஸ். இசைத்தட்டில் முதலில் ஏறிய ஈழத்து மெல்லிசைக் குரல்களில் பரமேசின் குரலும் ஒன்று. இமானுவேல், ஸ்ரான்லி சிவானந்தன், அமுதன் அண்ணாமலை, எஸ். இராமச்சந்திரன் என்று மேடைக்கு மேடை பெயர்கள். இவர்களில் ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டுரை வேண்டும். வழக்கு என்று வந்தால் இரண்டு பேரில்தான் வந்து நிற்கிறது.

நித்தி கனகரத்தினம் விவசாயத் துறையில் விரிவுரையாளராக இருந்து, பின்னர் அவுஸ்திரேலியாவில் குடியேறியவர். 'சின்ன மாமியே' பாட்டின் அமைப்பைக் கவனித்துக் கேளுங்கள். மருமகன் கேட்கிறான், மாமி பதில் சொல்லுகிறாள், அவன் திரும்பக் கேட்கிறான். கூத்தில் இரண்டு பாத்திரங்கள் மாறி மாறிப் படிக்கும் தர்க்கப் பாட்டின் கட்டு அது. மெட்டு துள்ளல் மெட்டு, வாத்தியம் கிற்றார், பேச்சோ எங்கள் வீட்டு முற்றத்துப் பேச்சு. 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' பாட்டில் புத்தி சொல்லும் தொனியிருந்தும் ஒருவருக்கும் அது கசக்கவில்லை, கல்யாண வீட்டில் குடித்தவனும் கூடச் சேர்ந்து பாடினான். பாட்டுக் கட்டியவர் என்ற வகையில் நித்திக்கு மேலே நான் ஒருவரையும் வைக்கமாட்டேன்.

மனோகரன் பாட்டை மேடையில் நடத்தினவர். 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் கலந்த பைலா. மீன் கொண்டு வந்தவனின் பாட்டு என்பதால் கடற்கரை ஊர்களுக்கு அது சொந்தப் பாட்டாகிவிட்டது. அதே பாட்டை அவர் இந்திய மொழிகள் பலவற்றில் பாடினார். 1977இல் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்கு இளையராஜா அதை எடுத்தாண்டார், மலேசியா வாசுதேவன் பாடினார். செங்கை ஆழியான் நாவலிலிருந்து எடுத்த 'வாடைக்காற்று' படத்தில் மனோகரன் நடித்தார், பிறகு தமிழ்நாட்டுப் படங்களில் வில்லனாகவும் வந்தார். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானபோது அவரைப் பொப்பிசைச் சக்கரவர்த்தி என்றே எழுதினார்கள். அந்தப் பட்டம் தொண்டைக்குக் கிடைத்ததல்ல. அவரைவிட இனிய குரல்கள் இலங்கை வானொலியிலேயே இருந்தன. வரியை முழுதாகப் பாடாமல் பாதியில் நிறுத்தி, மீதியைக் கூட்டத்திடம் விட்டுவிடும் துணிவுக்குக் கிடைத்தது. கூட்டம் பாடாவிட்டால் மேடையில் நிற்பவன் மானம் போகும். அவருக்குப் போகவில்லை.

இந்தத் துணிவின் ஊற்று பைலாவில் இருக்கிறது. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து காப்பிரிகள் மூலமும் பறங்கியர் மூலமும் வந்த தாளம் அது. மட்டக்களப்புப் பறங்கியரிடம் வயலினோடு கப்றிஞ்ஞா என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. பொலிஸில் வேலை பார்த்த வொலி பஸ்தியன் அதை மேடைப் பாட்டாக்கினார். வாத பைலா என்று ஒரு போட்டி உண்டு. நடுவர் கொடுக்கும் தலைப்பில் இரண்டு பாடகர்கள் அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டி ஒருவரையொருவர் மடக்க வேண்டும். 2021இல் கொவிட் கொண்டுபோன ஜிப்சீஸ் குழுவின் சுனில் பெரேரா இந்த வழியில் வந்த ஆள். நாட்டு நடப்பைக் கூட்டத்தின் முன்னால் பச்சையாகப் பாடினவர். சிங்களம் சரியாக விளங்காத எங்கள் ஊராரும் அவர் மேடைக்குக் கை தட்டினார்கள்.

அப்படியானால் மேர்க்குரி? சான்சிபாரில் 1946இல் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, பம்பாய்க்கு அப்பால் பஞ்சகனி விடுதிப் பள்ளியில் படித்து, அங்கேயே பள்ளிக் குழுவில் பியானோ வாசித்த பிள்ளை அவர். 1985 ஜூலை 13ஆம் திகதி லண்டன் வெம்பிளி மைதானத்தில் லைவ் எய்ட் நிகழ்ச்சி. குவீனுக்குக் கிடைத்தது இருபது நிமிடம் அளவில். பாட்டுகளுக்கு நடுவில் வாத்தியமெல்லாம் ஓய்ந்திருக்க, அவர் ஒரு நீண்ட ஒலியை எடுத்து விடுகிறார். மைதானம் முழுவதும் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. அடுத்ததை இன்னும் வளைத்து, இன்னும் நீட்டி விடுகிறார். அதையும் கொடுக்கிறது. சொல்லே இல்லாத ஒரு பிற்பாட்டு! அந்தப் படத்தை எங்கள் ஊர் அண்ணாவியார் ஒருவருக்குப் போட்டுக் காட்டினால் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது. அதே 1985இல் பாகிஸ்தானின் நுஸ்ரத் பதே அலி கானும் இங்கிலாந்தின் வோமாட் விழாவில், பின்னால் உட்கார்ந்து கைதட்டிப் பாடும் தன் கவ்வாலிக் குழுவோடு, உருது தெரியாத வெள்ளையரை எழுப்பிவிட்டார்.

தொண்டையை மட்டும் அளப்பவர்கள் மிக் ஜாகரையும் கேர்ட் கோபேனையும் தள்ளிவிடுவார்கள். ஜாகரின் குரல் சிறியது, கோபேனின் குரல் உடைந்தது. ஆனால் 1943இல் பிறந்த ஜாகர் எண்பது வயதிலும் மைதானங்களைப் பாட வைத்தார். கோபேனின் நேர்வாணா குழுப் பாட்டை உரக்கப் பாடாத ஒரு தலைமுறைப் பெடியன்கள் உலகத்தில் எங்கும் இல்லை. பினாங்கில் பிறந்த தமிழ்ச் சகோதரர்கள் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் இருவரும் அலிகேற்ஸ் குழுவில் மலாய்ப் பாட்டுப் பாடி மலேசியா முழுவதையும் கூடப் பாட வைத்ததையும் இந்தக் கணக்கில் எழுத வேண்டும். லோகநாதன் 2007இல் மறைந்தார்.

முன்னுக்கு நிற்பவனே எல்லாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். 1980 பெப்ரவரியில் ஏசி/டிசி குழுவின் பாடகர் பொன் ஸ்கொட் இறந்தார். பிரையன் ஜோன்சன் வந்தார், சில மாதங்களில் அவர்களுடைய ஆகப் பெரிய இசைத்தட்டு வெளியானது. அதே ஆண்டு செப்டெம்பரில் லெட் செப்பலினின் டிரம்ஸ்காரர் ஜோன் பொன்ஹம் இறந்தார். பிளான்ட் உயிரோடு, குரலோடு இருந்தும் அந்தக் குழு கலைந்தது. மத்தளம் போனால் களரி இல்லை என்பது கூத்துக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால், மேடையில் முன்னுக்கு நின்றவர்களில் உலகத்துக்கு மேர்க்குரி, ஈழத்துக்கு மனோகரன். குரலும் பாட்டும் வேறு வழக்கு. அதில் பிளான்டுக்கும் நித்திக்கும் முதலிடம் கொடுக்க எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் எங்கள் ஊர்ப் பாட்டுக்காரரின் பெயர்களை இந்தப் பெயர்களுக்கு நேரே வைத்து வழக்காட முடியவில்லையே என்பதுதான் என் மனக்குறை. திரௌபதை அம்மன் சடங்கின் பதினெட்டு நாளிலும் பாண்டிருப்பில் பாரதம் படித்தவர்கள், பயன் சொன்னவர்கள், வனவாசத்துக்கும் தவநிலைக்கும் குரல் கொடுத்தவர்கள், கடற்கரைப் பள்ளியில் பைத் எடுத்தவர்கள், கரைவலை இழுக்கையில் அம்பா சொன்னவர்கள், கல்யாண வீடுகளில் கிற்றாரோடு நின்ற பெடியன்கள் எல்லோரும் பாடித்தான் இருக்கிறார்கள். எழுதி வைத்தவர் மிகக் குறைவு. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது கொப்பிகளும் கசற்றுகளும் வீடுகளோடு போயின. அவற்றில் பாடியிருந்தவர்களிலும் பலர் போனார்கள்.

ஆகவே இதை வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு கூத்துக் கொப்பியோ பழைய கசற்றோ இருந்தால் பிரதி எடுத்து ஊர் நூலகத்தில் கொடுங்கள். பாடினவரின் பெயரோடு பிற்பாட்டுப் பிடித்தவர்களின் பெயர்களையும் தவறாமல் எழுதிக் கொடுங்கள்.