இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் நிற்கும் வாசகர்

1

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில், எங்கள் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்று. உள்ளே நுழைந்ததும் இடப்புறம் 'சிறுவர் பகுதி': தெனாலிராமன், பீர்பால், நீதிக்கதைகள், விஞ்ஞானிகள் வரலாறு. வலப்புறம் 'நாவல்கள்'. ஒரு சனிக்கிழமை மாலை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இரண்டுக்கும் நடுவில் நின்றிருந்தாள். சிறுவர் பகுதியைக் காட்டினேன். "இதெல்லாம் சின்னப் பசங்களுக்குக்கா" என்றாள். நாவல் வரிசையில் ஒன்றை உருவினாள். "அது பெரியவங்க புக்கும்மா, அப்பாவக் கூட்டிட்டு வா" என்று மேசையிலிருந்து குரல் வந்தது. எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

இது ஒரு நூலகத்தின் கோளாறு அல்ல. அவள் நின்ற இடத்தில் தமிழில் அலமாரியே கிடையாது. பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் இருக்கும் வாசகரைத் தமிழ்ப் பதிப்புலகம் எங்கே வைத்திருக்கிறது, நம் விமர்சனம் எங்கே வைத்திருக்கிறது என்று கேட்கத் தொடங்கினால், பதில் நமக்கும் சங்கடமானதாகவே இருக்கும்.

2

இந்தப் பருவத்துக்குத் தமிழில் சொல் இல்லை என்பதில்லை. பாட்டியல் நூல்கள் பெண்ணின் வயதை ஏழாக வகுத்து வைத்திருக்கின்றன. பெதும்பைக்கு எட்டு முதல் பதினொன்று, மங்கைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று, மடந்தைக்குப் பதினான்கு முதல் பத்தொன்பது. எவ்வளவு துல்லியமான வகுப்பு! ஆனால் இவர்கள் எதற்காக வகுக்கப்பட்டார்கள்? உலாவில் தலைவன் வீதியில் வரும்போது பார்த்து மயங்குவதற்காக. இப்பக்கம் பிள்ளைத்தமிழ்: பத்துப் பருவமும் தாயின், செவிலியின் குரலில் நகர்ந்து சிறுதேரோடும் ஊசலோடும் முடிந்துவிடுகிறது. ஒன்றில் கொஞ்சப்படும் உடல், மற்றொன்றில் பார்க்கப்படும் உடல். இரண்டிலும் அந்த வயதுக்காரர் பேசுபொருள். பேசுபவர் வேறு யாரோ.

குழந்தைமை என்பதே வரலாற்றில் கட்டமைக்கப்பட்ட ஒன்று என்று பிலிப் ஆரியே 1960இல் எழுதினார். ஜாக்குலின் ரோஸ் பீட்டர் பேன் கதையை முன்வைத்து 1984இல் எழுதிய நூலில் இன்னும் ஒருபடி மேலே போனார்: குழந்தைகளுக்கான புனைவில் பெரியவர் எழுதுபவராக, கொடுப்பவராக முதலில் வந்துவிடுகிறார்; குழந்தை பெற்றுக்கொள்பவராகப் பின்னால் வருகிறது; எனவே குழந்தைப் புனைவு என்பதே சாத்தியமில்லாத ஒன்று. இதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கொடுப்பவர் யார், என்ன நினைத்துக்கொண்டு கொடுக்கிறார் என்கிற கேள்வி நமக்கு உதவும்.

3

நவீனத் தமிழில் கொடுத்தவர்களின் வரலாறு சிறியதல்ல. 1947இல் அம்புலிமாமா. 1950இல் அழ. வள்ளியப்பா முன்னின்று தொடங்கிய குழந்தை எழுத்தாளர் சங்கம். 1972இல் கோகுலம், 1999இல் சுட்டி விகடன். வாண்டுமாமா போன்றவர்கள் ஆயுள் முழுக்க இதையே வேலையாகச் செய்தார்கள். இந்த உழைப்பை நம் சிறுபத்திரிகைகள் ஒருநாளும் பொருட்படுத்தவில்லை. 'சின்னப் பசங்க கதை' என்பது நம் வட்டாரத்தில் ஒரு வசைச் சொல்லாகவே இருந்தது. மேற்சொன்ன மூன்று இதழ்களும் இன்று அச்சில் வருவதில்லை. அவை நின்றபோது யாராவது ஒரு விமர்சகர் வருத்தப்பட்டு எழுதினாரா?

ஆனால் மரியாதை ஒருபுறம், கேள்வி ஒருபுறம். இந்த இதழ்கள் கட்டமைத்த குழந்தை யார்? பொதுவாக ஒரு வீட்டுப் பையன். அப்பாவுக்கு ஆபீஸ், அம்மாவுக்கு அடுப்படி. தப்பு செய்வான், திருந்துவான். அவனுக்குச் சாதி கிடையாது, பசி கிடையாது, உடம்பு கிடையாது. பன்னிரண்டு வயதைத் தாண்டவும் மாட்டான். காரணம் எளிது: புத்தகத்தைப் படிப்பவர் வேறு, வாங்குபவர் வேறு. பெற்றோர், பள்ளி நிர்வாகம், நூலகத்துக்கு நூல் தேர்ந்தெடுப்பவர்கள் – இந்த மூன்று கைகளைத் தாண்டித்தான் புத்தகம் வாசகரிடம் போகிறது. மூன்று கைகளும் உறுத்தாத ஒன்றைத்தான் பதிப்பாளர் அச்சடிப்பார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. போட்ட காசு வர வேண்டுமே.

வாசகரோ இந்த மூன்று கைகளுக்கும் காத்திருக்கவில்லை. எழுபதுகளிலிருந்து தமிழ்நாட்டுப் பதின்வயதினர் உண்மையில் எதைப் படித்தார்கள்? 1972இல் வந்த முத்து காமிக்ஸ், 1984இல் வந்த லயன் காமிக்ஸ். அப்புறம் ஒரே தாவலில் ராஜேஷ்குமார். பெண்பிள்ளைகள் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு ரமணிசந்திரன். இவை எதுவும் அவர்களுக்கென்று பள்ளியோ பெற்றோரோ தேர்ந்தெடுத்துத் தந்ததல்ல; பழைய புத்தகக் கடையிலும், வாடகை நூலகத்திலும், பக்கத்து வீட்டு அக்காவிடமும் அவர்களே திருட்டுத்தனமாகக் கண்டெடுத்தது. அந்தத் திருட்டுத்தனத்தில் ஒரு விடுதலையும் இருந்தது என்பதை மறக்கக்கூடாது. ஆனால் அங்கே கிடைத்தது என்ன? மாயாவி, கொலை, கல்யாணம். தங்கள் தெருவும் வகுப்பறையும் அதில் கிடைக்கவில்லை.

4

விதிவிலக்குகள் இல்லையா? உண்டு. அவற்றைத்தான் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

இரா. நடராசனின் 'ஆயிஷா' தொண்ணூறுகளில் கணையாழியில் குறுநாவலாக வந்து, பிறகு சிறு வெளியீடாக ஊர் ஊராகப் போன பிரதி. கூட்ட மேடைகளில், ஆசிரியர் பயிற்சிகளில், அறிவியல் இயக்கத் தோழர்களின் ஜோல்னாப் பைகளில் அது பயணப்பட்டது. பதின்வயதுப் பெண் ஒருத்தியின் அறிவுப்பசியை நம் பள்ளிக்கூடம் பிரம்பால் எதிர்கொள்வதை இவ்வளவு பேருக்குக் கொண்டுசேர்த்த வேறு கதையைச் சொல்வது கடினம். ஆனால் யார் சொல்கிறார் என்று பாருங்கள். சொல்பவர் ஆசிரியை. ஆயிஷா, அடி வலிக்காமல் இருக்க மருந்தைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்துச் செத்துப்போனவள். அவளுடைய சாவு ஆசிரியைக்குக் குற்றவுணர்வைத் தருகிறது; அந்தக் குற்றவுணர்வுதான் கதையாடலை நடத்துகிறது. படித்து அழுதவர்கள் ஆசிரியர்கள். ஆயிஷாவின் வயதில் இருக்கும் வாசகிக்கு அந்தப் பிரதி என்ன இடம் தருகிறது? கேள்வி கேட்டால் சாவாய், செத்தபின் உன்னைப் புரிந்துகொள்வோம் என்பதாகவும் அவள் அதை வாசிக்கலாம் அல்லவா? நடராசனின் நோக்கம் அதுவல்ல என்பது நமக்குத் தெரியும். ஆனால் பிரதி நோக்கத்தோடு நின்றுவிடுவதில்லை.

இன்னொன்று யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. 2020க்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நாவல். குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைக் குழந்தைகளுக்கே சொல்லத் துணிந்தது. பெற்றோர் கை உறுத்தும் விஷயத்தை அவர்களே வாங்கிக்கொடுக்கும்படி எழுதியது சிறிய காரியமல்ல. ஆனால் அந்தச் சிறுமி வாய்திறக்க ஒரு மரப்பாச்சி பேசவேண்டியிருக்கிறது. இதை எழுத்தாளரின் பலவீனமாக நான் பார்க்கவில்லை. வீட்டில் பேச ஆளில்லாத இடத்தில் பொம்மைதான் பேசியாக வேண்டும். நம் வீடுகளின் மௌனத்துக்கு அந்த மரப்பாச்சி சாட்சி.

இந்த விருது 2010இல் தொடங்கப்பட்டது. அதற்குப் பிந்தைய இந்தப் பதினைந்து ஆண்டுகளில் சிறார் எழுத்தில் ஒரு புதிய அலை வந்திருப்பது உண்மை. 2023இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' என்று சிறார் நாவல்கள் கவனம் பெறுகின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 2022இல் 'தேன்சிட்டு' இதழ் தொடங்கப்பட்டது. ஆனால் அது ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரைக்குமானது. பத்தில் என்ன ஆகிறது? பொதுத்தேர்வு வந்துவிடுகிறது. கதை என்றாலே "படிக்கிற வேலையப் பாரு" என்று ஆகிவிடுகிறது. கல்வியுரிமைச் சட்டம் பதினான்கோடு கைகழுவுகிறது. அதே பதினான்கில், 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், அபாயகரமானவை என்று பட்டியலிடாத வேலைகளுக்குக் கதவைத் திறக்கிறது. பதினேழு வயதுக் காதலைப் போக்சோ சட்டம் குற்றமாகப் பார்க்கிறது. இந்த வயதுக்காரருக்கு அரசு வைத்திருக்கும் வாசல்கள் இவை. இதில் எந்த வாசலில் நிற்கும் பிள்ளைக்கும் தமிழில் ஒரு நாவல் உண்டா?

5

உண்டு என்பதுதான் வேடிக்கை. அது வலப்புற அலமாரியில் இருக்கிறது.

பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. அதன் மையம் சிதம்பரம் என்கிற பதினைந்து வயதுப் பையன். பெருமாள்முருகனின் 'நிழல்முற்றம்' சினிமா கொட்டகையில் வேலைபார்க்கும் விடலைப் பையன்களின் உலகம். அவருடைய 'கூளமாதாரி' பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட அருந்ததியர் பிள்ளைகளின் கதை. இவற்றை நாம் வட்டார நாவல் என்றோம், இயல்புவாதம் என்றோம், விளிம்புநிலை எழுத்து என்றோம். இந்த நாவல்களின் நாயகர்களுக்கு என்ன வயது என்பதை ஒரு விமர்சனப் பிரச்சினையாக நாம் எடுத்துக்கொண்டதே இல்லை. ஆக, தமிழில் பதினைந்து வயதுக்காரருக்கு அச்சிடப்படும் புத்தகத்தில் பதினைந்து வயதுக்காரர் இல்லை. பதினைந்து வயதுக்காரர் இருக்கும் புத்தகம் அவருக்கு அச்சிடப்படுவதில்லை.

"வெக்கையையா பிள்ளைகளிடம் கொடுப்பது? வெட்டுக்குத்து ஆயிற்றே" என்று தோழர்களே கேட்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் சாதிக் கயிற்றைத் தடைசெய்வது உட்படப் பல பரிந்துரைகள். நல்லது. ஆனால் கயிற்றை அறுத்தால் போதுமா? அரிவாள் ஏற்கெனவே பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டது. அரிவாளுக்குப் பின் என்ன என்பதை அவர்களுக்கு எந்தப் பாடமும் சொல்லவில்லை.

'வெக்கை' சொல்கிறது. கொலை அதில் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மீதி முழுக்க ஓட்டம், பசி, பயம், ராத்திரி, அப்பனும் மகனும் பேசிக்கொள்வது. கடைசியில் கோர்ட்டை நோக்கிய நடை. வெட்டியவனை வீரனாக்கவும் இல்லை, அவனுக்கு நீதிக்கதை சொல்லவும் இல்லை. சாதிப் பெயரைச் சொல்லாமலே சாதியின் கொடூரத்தைப் புரியவைக்கிற பிரதி. 2019இல் 'அசுரன்' படமாக வந்தபோது ஆவடி, பூந்தமல்லிப் பையன்களும் போய் விசிலடித்துப் பார்த்தார்கள். திரையில் பார்க்கலாம், பக்கத்தில் படிக்கக்கூடாது என்றால் நாம் பாதுகாப்பது பிள்ளையை அல்ல, புத்தகத்தை.

6

இதற்குத் தீர்வாக மேற்கிலிருந்து 'இளையோர் புனைவு' என்கிற சரக்கு வகையை இறக்குமதி செய்யலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அங்கேயும் அது சந்தையில் மட்டும் பிறக்கவில்லை. அமெரிக்காவில் 1967இல் வந்த 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எஸ். இ. ஹின்டன் எழுதத் தொடங்கியபோது அவருக்கே வயது பதினைந்து. தன் பள்ளியில் வர்க்கமாகப் பிரிந்து அடித்துக்கொண்ட பையன்களைப் பற்றித் தான் படிக்க ஒன்றுமில்லை என்று அவரே எழுதினார். அலமாரி பிறகு வந்தது; அலமாரிக்கேற்ற அச்சு வார்ப்புகள் அதற்கும் பிறகு வந்தன. நாம் அலமாரியிலிருந்து தொடங்கினால் இன்னொரு நீதிக்கதை வரிசைதான் கிடைக்கும், கையில் செல்போனோடு.

அம்பத்தூர் எஸ்டேட்டையே எடுத்துக்கொள்வோம். அறுபதுகளிலிருந்து பல மாவட்டத்துக்காரர்கள் இங்கே பிழைக்க வந்தார்கள். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது ஐடிஐயிலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கிறார்கள். லேத்துப் பட்டறையில் விடுமுறைக்கு வேலைபார்க்கிறார்கள். பட்டரவாக்கத்தில் மின்சார ரயில் ஏறுகிறார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த சாதி எந்தத் தெருவில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எழுதவேண்டியவர்கள் அவர்கள். நாம் செய்யக்கூடியது, 'ஆயிஷா' போல மலிவான சிறு வெளியீடுகளில் நல்ல குறுநாவல்களை அவர்களிடம் கொண்டுபோவது, உடன் உட்கார்ந்து படிப்பது, அவர்கள் எழுதிக் கொண்டுவருவதைத் திருத்தாமல் ஒருமுறையாவது முழுசாகக் கேட்பது. நூறு பிரதி அச்சடிப்பது இன்று முடியாத காரியமல்ல.

தொடக்கத்தில் சொன்ன பெண்ணுக்கு என் பெயரில் 'வெக்கை'யை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தாள். பிடித்ததா என்றேன். "நல்லாருக்குக்கா" என்றாள். கொஞ்சம் நின்றாள். "அவன் காட்டுக்குள்ள ஓடிட்டான். அதே வயசுல ஒரு பொண்ணா இருந்தா எங்கக்கா ஓடுவா?"

மேலே நான் அடுக்கிய பட்டியலை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பதின்வயது நாயகர்கள் என்று நான் பெருமையோடு சொன்ன மூன்று நாவல்களையும் எழுதியவர்கள் ஆண்கள், மூன்றின் நடுவிலும் நிற்பவர்கள் பையன்கள். பெண் என்று வந்த இடத்தில் ஒருத்தி இறந்தாள், இன்னொருத்திக்குப் பொம்மை பேசியது. ஒரு பெண் விமர்சகராக இருந்துகொண்டு இதை நான் கவனிக்கவில்லை. பதினான்கு வயது வாசகி கவனித்தாள். சிவகாமியின் 'பழையன கழிதலும்' (1989) கௌரி இருக்கிறாள், அப்பனை எதிர்த்துக்கொண்டு படிக்கிறவள். பாமாவின் 'கருக்கு' (1992) இருக்கிறது. இரண்டும் அதே வலப்புற அலமாரியில்தான். கௌரியைத்தான் அடுத்து எடுத்துக் கொடுத்தேன். அவள் என்ன கேட்டுக்கொண்டு வருவாள் என்று காத்திருக்கிறேன்.