செல்வம் மட்டுமா ஆயுளை அளக்கிறது?

மரணம் எல்லார்க்கும் பொது. அது வந்து சேரும் வயது எல்லார்க்கும் பொதுவன்று. இவ்வுண்மையை எண்களால் நிறுவும் ஆய்வுக் கட்டுரை ஒன்று 2022ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சங்கீதா வியாஸ், பாயல் ஹாதி, ஆஷிஷ் குப்தா ஆகிய மூவர் அதன் ஆசிரியர்கள். பீகார், உத்தரப் பிரதேசம், ஒடிசா முதலிய ஒன்பது மாநிலங்களில் எடுக்கப்பெற்ற சுகாதாரக் கணக்கெடுப்பினின்று இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்களின் விவரங்களை அவர்கள் ஆராய்ந்துள்ளனர்.

மேல்சாதி இந்துக்களினும் ஆதிவாசிகளின் சராசரி ஆயுள் நான்காண்டுக்கு மேல் குறைவு. தலித்துகளுக்கு மூன்றாண்டுக்கு மேல். முஸ்லிம்களுக்கு ஏறத்தாழ ஓராண்டு. ‘ஏழைகள், ஆதலால் முன்னரே இறக்கின்றனர்’ என்று நாம் எளிதிற் கூறிவிடுவோம். பொருள்நிலையைச் சமப்படுத்திக் கணக்கிட்ட பின்னரும் இவ்விடைவெளியிற் பாதிக்கு மேல் எஞ்சுகிறது என்பதே இவ்வாய்வின் உயிர்நாடி.

இவ்வழக்கு அமெரிக்காவில் பழையது. கறுப்பின மக்களின் மரண மிகுதிக்கு அவர்தம் பிறவியே காரணம் என 1896இல் ஹாஃப்மன் என்னும் காப்புறுதிக் கணக்கியலார் எழுதினார். பிறவியன்று, வாழ்நிலையே காரணம் என்று அறிஞர் டு போய்ஸ் மறுத்துரைத்தார். 1906இல் சான்றுகளைத் தொகுத்தும் வெளியிட்டார். அவ்வாழ்நிலை என்பது பணம் மட்டுந்தானா என்பதே இன்றைய வினா.

ஆய்வின் பெருமையை ஒப்புகின்றோம். குறைகளையும் சொல்லியாக வேண்டும். ‘மேல்சாதி’ என்னும் தலைப்பின்கீழ்ப் பிற்படுத்தப்பட்டோரும் சேர்க்கப்பட்டுள்ளனர். உச்சியிலிருப்போரைத் தனியே நிறுத்தி அளந்தால் இடைவெளி இன்னும் விரியக்கூடும். முஸ்லிம்கள் அனைவரும் ஒரே தொகுதியாகின்றனர். வணிகரும் நெசவாளரும் கூலியாளரும் ஒரே சராசரிக்குள் மறைந்துவிடுகின்றனர். மேலும், கணக்கெடுப்பு நாளில் வீட்டிலிருந்த பொருள் ஒருவர் வாழ்நாளெல்லாம் பட்ட வறுமையைக் காட்டாது. ஆதலின் எஞ்சிய பாதி முழுவதும் பாகுபாட்டின் விளைவே எனத் துணிவதும் பொருந்தாது.

‘நமக்கு ஓராண்டுதானே’ என்று நம்மவர் ஆறுதல் கொள்ளலாகாது. இந்திய முஸ்லிம் குழந்தைகள், குடும்பம் ஏழ்மையுற்றிருந்தும், இந்துக் குழந்தைகளினும் அதிகமாக உயிர் பிழைத்து வந்தனர் என்பது முன்னரே அறியப்பட்ட செய்தி. கழிப்பறை வழக்கம் மிகுந்த அக்கம்பக்கமே அதற்குத் தலையாய காரணம் என 2018இல் ஜெருசோ, ஸ்பியர்ஸ் இருவரும் எடுத்துக்காட்டினர். தொட்டிலிற் பெற்ற ஊதியத்தை நாம் எந்த வயதில், எந்த நோயில், எந்தத் தொழிலில் இழக்கின்றோம்? சராசரியைச் சொல்லும் ஓரெண் இதற்கு விடையாகாது.

அஜல் இறைவன் வகுத்ததாயிற்றே, காரணம் தேடுவது தகுமா எனச் சிலர் வினவலாம். கொள்ளைநோய்ச் செய்தி கேட்டு, சிரியாவின் எல்லையிலிருந்து படையோடு திரும்பிய கலீஃபா உமர் (ரலி) அவர்கள், காரணத்தை நோக்கி நடப்பது விதியை மறுப்பதாகாது எனச் செயலாற் காட்டியுள்ளார்கள்.

ஒன்பது மாநிலங்களுள் தமிழகம் இல்லை. துறையூரில் நிற்பவர் கண்ணுக்குப் பச்சைமலை தெரிகிறது. அம்மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் ஆயுள் இக்கட்டுரையிற் தெரியவில்லை. அவர்களையும், நம் தெருக்களில் நடுவயதிலேயே மறைவோரையும் கணக்கிற் கொள்ளும் ஆய்வு தமிழில் எழவேண்டும். எண்ணப்படாத மரணத்திற்கு எவரும் பொறுப்பேற்பதில்லை.